அறுபது கிராமும் ஒரு பிடியும்

எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. மயூர் விஹாரில் இந்த ஃப்ளாட்டுகளைக் கட்டிக் குடிவந்தபோது எங்கள் எல்லோருக்கும் முப்பத்தைந்து வயது. முழங்கால் என்று ஒரு உறுப்பு இருப்பதையே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது மூன்றாவது மாடி தேவநேசன் சாருக்கு அந்த உறுப்பைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கீழே இறங்குவார். இறங்கப் பதினைந்து நிமிஷம், ஏற அரை மணி. நடுவில் எங்கள் இரண்டாம் மாடி வாசலில் நின்று மூச்சு வாங்குவார். என் மனைவி காமாக்ஷி ஒரு முக்காலியை அங்கே நிரந்தரமாகவே போட்டு வைத்துவிட்டாள்.

மற்ற ஆறு நாளும் அவருக்கும் உலகத்துக்கும் இடையே ஒரு கயிறும் ஒரு பிளாஸ்டிக் கூடையும்தான். கீழே காய்கறி வண்டி வந்து "கோபி, லௌக்கி, மேத்தி" என்று குரல் கேட்டதும் கூடை இறங்கும். என் பால்கனியைத் தாண்டித்தான் போகும், வரும். ஆகவே அந்த வீட்டுக்குள் என்ன போகிறது என்பது எனக்கும் தெரியும். இந்த விவகாரத்தில் நான் சாட்சியாக இழுக்கப்பட்டது அதனால்தான்.

செப்டம்பர் கடைசியில் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். முழங்கால் மாற்றலாம்; ஆனால் தொண்ணூற்று நான்கு கிலோவை வைத்துக்கொண்டு மாற்ற முடியாது. டிசம்பர் ஐந்தாம் தேதி எடை பார்ப்பேன், தொண்ணூறு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் நான் வெளிநாடு போகிறேன், ஆகஸ்டில் வந்து பார்க்கலாம். ஆகஸ்ட் வரைக்கும் மூன்றாம் மாடியில் கூடையும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நினைத்து தேவநேசன் சார் என் முக்காலியிலேயே கண்கலங்கினார்.

"நாலே நாலு கிலோதான் சார். எங்க ஊர் நாசரேத்துல வீட்டு ஆட்டுக்குட்டியே அதுக்கு மேல இருக்கும்" என்றார். "ஆனா இந்த வயசுல வாயக் கட்டுறது இருக்கே..."

வாயைக் கட்டும் பொறுப்பை அவர் மனைவி மார்கரெட் எடுத்துக்கொண்டார். பிளாக் முழுக்க அவர் 'சிஸ்டர்'தான். நோய்டா பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை டூட்டி, ஞாயிறு மட்டும் விடுமுறை. குறைமாதக் குழந்தைகளைத் தினமும் நிறுத்து எழுதுகிற கை அது. ஈரத் துணியைக்கூட நிறுப்பார்களாம்.

"பத்து கிராம்னா உங்களுக்கு இளப்பமா இருக்கு" என்று புருஷனிடம் சொன்னார். "எங்க வார்டுல ஒரு பிள்ளைக்குப் பத்து கிராம் ஏறுச்சுன்னா தாய்க்காரி அழுதுருவா, தெரியுமா?"

மகள் ஃபெபி கிச்சன் தராசு ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். ஐ.டி. கம்பெனி வேலை, இங்கேயே பிறந்தவள், தமிழ் பேசும்போது நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். போனில் ஒரு ஆப் போட்டாள். சாப்பிடுவதை எல்லாம் அதில் எழுதினால் கலோரி கணக்கு காட்டும். டயட்டீஷியன் கொடுத்த தாளில் மதியம் அறுபது கிராம் அரிசி, இரவு அறுபது கிராம் அரிசி, பச்சையாக நிறுத்தது என்று இருந்தது. காலையில் ஓட்ஸ். அதைப் பற்றி தேவநேசன் சார் பேச விரும்பியதில்லை.

அடுக்களை வார்டாக மாறியது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட். தேதி, வேளை, கிராம், கையெழுத்து. எண்ணெய்க்கு சிஸ்டர் ஐந்து மில்லி சிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், ஊசி இல்லாமல். சாளை மீன் குழம்பாகட்டும், வெண்டைக்காய்ப் பொரியலாகட்டும், சிரிஞ்சில் இழுத்த அளவுதான் சட்டியில் விழும். கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, அப்புறம்தான் அரிசி. டூட்டிக்குப் புறப்படுவதற்கு முன் அதிகாலையிலேயே இரண்டு கிண்ணத்தில் நிறுத்து மூடி, ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டி ஒன்றில் 'மதியம்', இன்னொன்றில் 'ராத்திரி' என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். தேவநேசன் சார் அந்தந்த நேரத்துக்குக் குட்டிக் குக்கரில் வைத்துக்கொள்ள வேண்டியது. குழம்பு, காய் எல்லாம் அளந்து டப்பாவில் இருக்கும்.

பத்து நாள் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சும்மா சொல்லக்கூடாது சார். டயட்டுன்னா பட்டினி போடுவாவன்னு பயந்தேன். வயிறு நல்லாவே நிறையுது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சோறு இத்தனூண்டு வருது. அன்னைக்கு அவ சமையல். எம் மேல உள்ள கோவத்தையெல்லாம் சேத்துவச்சு அன்னைக்குக் காட்டுதா போல."

இதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பேங்க்கில் முப்பத்தாறு வருஷம் கணக்குப் பார்த்தவன். ஆனால் அடுத்த வீட்டுச் சோற்றுக் கணக்கு நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எடை இறங்கவில்லை. முதல் சனிக்கிழமை நூறு கிராம். அடுத்த சனிக்கிழமை ஒன்றுமில்லை. அதற்கடுத்தது மறுபடி நூறு. ஃபெபியின் ஆப் மட்டும் ஒன்றரை கிலோ குறைந்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னது.

"அப்பா, ஆப் ஜூட் நஹி போல்தா. மெஷின் பொய் சொல்லாது. நீங்க வெளில ஏதாவது சாப்பிடுறீங்களா? சச் சச் சொல்லுங்க, நிஜமா."

"வெளியில எங்கிட்டு போவேன்? எனக்குக் காலா இருக்கு?"

"கூடை இருக்குல்லா" என்றார் சிஸ்டர்.

தேவநேசன் சாருக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை எட்டிப் பார்த்த வருஷம், தினமும் வாக்கிங் என்று மெட்ரோ ஸ்டேஷன் வரை போய் ஜிலேபி சாப்பிட்டு வந்தார். சட்டைப் பையில் பாகு ஒட்டியிருந்து பிடிபட்டார். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பில் நாற்பது நாளும் கவிச்சியை விட்டுவிட்டேன் என்றார்; ஆபீஸ் கேண்டீன்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சாரோட ஆம்லெட் டிபன் பாக்ஸ் எங்ககிட்டயே இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட பழைய குற்றவாளி இப்போது, கர்த்தர் சாட்சியாக ஒன்றுமே தின்னவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

சிஸ்டர் விசாரணையைத் தொடங்கினார். காய்கறி வண்டிக்காரரிடம் நேராகப் போய் நின்றார். "பையா, சச் போலோ. கூடையில சமோசா போகுதா?" அந்த மனிதர் காதைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாக வெறும் சுரைக்காய்தான் சிஸ்டர்ஜி என்றார். சுரைக்காயை வெட்டிப் பார்க்கத்தான் பாக்கி.

அடுத்தது நான். வாசலில் நின்று, டூட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"சார், உண்மையச் சொல்லுங்க. உங்க பால்கனியத் தாண்டித்தானே போவுது? நீங்க ஒண்ணும் போடலியா?"

"போட்டேன் சிஸ்டர்" என்றேன். "தீபாவளி அன்னிக்கு ரவா லாடு ரெண்டு போட்டேன். அஞ்சு நிமிஷத்துல கூடை திரும்பி வந்துது, லாடு அப்படியே இருந்துது. 'வேண்டாம் சார், நாலு கிலோ'ன்னு மேலேர்ந்து குரல் கொடுத்தார். அவர் மாறிட்டார் சிஸ்டர், நம்புங்கோ."

"ரெண்டு போட்டியளா, மூணு போட்டியளா?"

என் சாட்சியம் அவ்வளவில் தள்ளுபடியானது. லாடு போட்டவன் வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது? கதவைச் சாத்திய பிறகு காமாக்ஷி, "பாவம்னா அந்த மனுஷர். திருடினப்போல்லாம் சௌக்கியமா இருந்தார். இப்போ யோக்கியமா இருக்கச்சே அடி வாங்கறார்" என்றாள்.

அந்த வாரம் டெல்லி முழுக்கப் புகை. பகல் பதினொரு மணிக்கும் எதிர் பிளாக் மங்கலாகத் தெரியும். ஜன்னலைத் திறக்க முடியாது. தேவநேசன் சார் அடைத்த வீட்டுக்குள் ஒருவராக உட்கார்ந்திருப்பார். கூடையைக் கீழே விடுவதையும் நிறுத்திவிட்டார். "அதப் பாத்தாலே அவளுக்குச் சந்தேகம் வருது சார்" என்று பால்கனியிலிருந்து சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் அரிசி அநேகமாகத் தீர்ந்தது. விஷயம் அங்கேதான் முற்றியது.

அரிசி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பத்து கிலோ பொன்னி மூட்டை. டயட் தொடங்கிய அன்று பிரித்தது. சிஸ்டரும் ஃபெபியும் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் ரொட்டிதான். நாற்பது நாளைக்கு வர வேண்டிய மூட்டை இருபத்தெட்டாம் நாளே அடியைக் காட்டியது. அன்று தற்செயலாக சிஸ்டருக்கு மாற்று விடுமுறை. ஃபெபி வீட்டிலிருந்தே வேலை. மேலே சத்தம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் தேவநேசன் சார் பால்கனியில் வந்து கூப்பிட்டார்.

"சுந்தரேஷ் சார்! கொஞ்சம் மேல வாங்க. எனக்குச் சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

போனேன். அடுக்களை நடுவில் அடியில் கொஞ்சமே மிஞ்சிய மூட்டை கிடந்தது. அதைக் காட்டி சிஸ்டர் சொன்னார்:

"மூணு கிலோ அரிசி குறையுது சார். எலி திங்கலை. சிந்தலை. இவியதான் நான் போன பொறவு தனியா வடிச்சுத் தின்னிருக்காவ. எடை எப்படி இறங்கும்? நான் பன்னெண்டு மணி நேரம் நின்னு கால் வீங்கி வாரேன். விடியுமுன்ன எந்திரிச்சு அரிசிய நிறுக்கேன். யாருக்காக? எனக்கா கால் மாத்தணும்?"

"ஏ மார்கரெட்டு, நீ வச்ச கிண்ணத்தைத் தவிர ஒரு பருக்கை நான் வடிக்கலைட்டி."

"வேதத்து மேல கைய வச்சுச் சொல்லுவியளா?"

"கொண்டா. வைக்கேன்."

"வேண்டாம். ஆம்லெட்டுக்கும் இப்படித்தான் வச்சிய."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி. டாக்டருக்குப் போன் போட்டு, இந்த ஆளுக்கு வாய் அடங்காது, ஆப்பரேஷன் வேண்டாம்னு சொல்லிரு. ஆகஸ்டு வரைக்கும் இங்கனயே கிடக்கேன். நான் சொல்லுததை நீ நம்பலைன்னா புதுக் கால் வந்து நான் எங்க நடந்து போவ?" என்றார்.

சிஸ்டரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நர்ஸ் அல்லவா, அழுகையைப் பார்த்துச் சோதனையை நிறுத்திப் பழக்கமில்லை.

"மணி பன்னெண்டரை ஆவுது. தினமும் எப்படி வைப்பியளோ அப்படியே இப்ப வைங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபெபி லேப்டாப்பை மூடிவிட்டு வாசற்படியில் நின்றாள்.

தேவநேசன் சார் சுவரைப் பிடித்து எழுந்தார். 'மதியம்' கிண்ணத்தைத் திறந்து அப்படியே குக்கரில் கவிழ்த்தார். கிண்ணத்தின் அடியைத் தட்டினார். பிறகு குனிந்து மூட்டையின் அடியில் கையை விட்டு, ஒரு பிடி அரிசி அள்ளி, கண்ணை மூடி உதடு அசைத்து, ஜன்னலோரம் இருந்த பழைய பிஸ்கட் டின்னில் போட்டார்.

அந்த டின் பிடியரிசி டின். அவர்கள் ஊர்ச் சபைகளில் உள்ள வழக்கம். சோற்றுக்கு அரிசி வைக்கும்போதெல்லாம், கழுவுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். மாதம் ஒருமுறை சர்ச்சுக்குப் போகும். டெல்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

"நில்லுங்க" என்றார் சிஸ்டர். "இப்ப என்ன செஞ்சிய?"

"பிடியரிசி போட்டேன். அதையும் சார்ட்டுல எழுதணுமா?"

"எங்க இருந்து எடுத்திய?"

"மூட்டையில இருந்துதான்."

"கிண்ணத்துல இருந்து எடுக்கலையா?"

"கிண்ணத்துல இருந்தா? நீ கிராம் பாத்து நிறுத்து வச்சிருக்க, அது மருந்துல்லா? அதுல கைய வச்சா கணக்குக் கெட்டுப்போவாதா? ஆரம்பிச்ச நாள்ல இருந்தே மூட்டையில இருந்துதான் எடுக்கேன்."

சிஸ்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க... அடுப்புல வைக்கிறவங்கதானே பிடி எடுக்கணும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நம்ம வீட்டு வழக்கம் அதுதானே? நீங்க எடுப்பியன்னு, கர்த்தருக்குள்ளதையும் சேத்துத்தான் கிண்ணத்துல வச்சேன்! உங்களுக்கு அறுபது நிறுத்துட்டு, உங்க கை பெரிய கையாச்சேன்னு எங் கையால ரெண்டு பிடி மேல போடுவேன். உங்க பங்கு குறைஞ்சிரக் கூடாதுன்னு."

"அப்ப நான் இத்தனை நாளாத் தின்னது?"

"கர்த்தரோட பங்கு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தேவநேசன் சாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மனிதர் உண்மையிலேயே நடுங்கிப்போயிருந்தார். ஜிலேபி, ஆம்லெட் எல்லாம் மனைவியிடம் திருடியது. இது வேறு.

ஃபெபிதான் முதலில் சுதாரித்தாள். தராசை எடுத்து வைத்து, "அப்பா, ஜல்தி, ஒரு பிடி போடுங்க" என்றாள். போட்டார். அறுபத்திரண்டு கிராம். சிஸ்டரின் இரண்டு பிடியைப் போடச் சொன்னாள். அறுபது. போனில் தட்டினாள்.

"மம்மி, அப்பா டபுள் சாப்பிட்டிருக்காங்க. ஒரு நாளைக்கு நானூறு கலோரிக்கு மேல. மூட்டையில குறையிற மூணு கிலோ டின்னுக்குப் போச்சு. எடையில குறையாத ஒன்றரை கிலோவும் இதுதான். எல்லாமே டேலி ஆகுது. அப்பா சச் போல் ரஹே தே. உண்மையத்தான் சொல்லிட்டிருந்தாங்க."

"ஞாயித்துக்கிழமை சோறு குறைஞ்சது அதான்" என்று நானும் என் பங்குக்கு அறிவைக் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை.

"கர்த்தர் பங்கைத் தின்னுட்டேனே" என்றார் தேவநேசன் சார்.

"அவருக்குள்ளதுதான் டின்னுல போயிட்டே. ஒரு வேளை கூடத் தவறாம நீங்களே போட்டிருக்கிய" என்றார் சிஸ்டர். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எழுந்துபோய் குக்கரில் கிடந்த அரிசியிலிருந்து தன் கையால் சரியாக இரண்டு பிடி எடுத்துத் திரும்ப மூட்டையில் போட்டார். போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

மறுநாள் முதல் அடுக்களையில் மூன்றாவதாக ஒரு கிண்ணம் வந்தது. அதிலும் பிளாஸ்டர். 'கர்த்தர்' என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு எடை இறங்கியது, வாரத்துக்கு அரை கிலோ வீதம். ஆனால் காலண்டரும் இறங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரி மெஷினில் தொண்ணூற்றொன்று நானூறு காட்டியது. நானும் உடன் போயிருந்தேன், படியிறங்கக் கைகொடுக்க. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஆகஸ்ட் என்று அவர் வாயெடுப்பதற்குள் சிஸ்டர் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த சார்ட்டை மேஜைமேல் விரித்தார். இந்தியில்தான் பேசினார்.

"டாக்டர் சாப், இதில் ஒன்றரை கிலோ என்னுடைய தப்பு. அவர் தப்பு இல்லை. இவர் ஒரு பருக்கை திருடவில்லை. நான்தான் அவரை ஒரு மாதம் திருடன் என்று சொன்னேன்."

டாக்டருக்குப் பிடியரிசியை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. இருபத்தொன்பதாம் தேதி ஒரே ஒரு இடம் இருக்கிறது, இருபத்தேழாம் தேதி வந்து தொண்ணூறைக் காட்டு, அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். தேவநேசன் சார் எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியளா சார்? டாக்டர் முன்னாடி சொல்லிட்டா" என்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகுதான் ஞாபகம் வந்தது. "இருபத்தேழா? நடுவுல கிறிஸ்மஸ் வருதே!"

கிறிஸ்மஸ் அன்று மதியம் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல குளிர், ஜன்னலில் வெயிலே இல்லை. காமாக்ஷிக்கும் எனக்கும் தனியாக சொதியும் பொரியலும். மற்றவர்களுக்கு மட்டன் பிரியாணி. வீடு முழுக்க ஏலக்காயும் பட்டையும் மணத்தது. அதற்கு நடுவில் ஒரு மனிதர் வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தராசுக்காகக் காத்திருந்தார்.

"ஏ, தராசு எங்க?"

"மேல இருக்கு. இன்னைக்கு வேண்டாம். நீங்களே போட்டுக்கிடுங்க" என்று சிஸ்டர் கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். கொஞ்சம் எடுத்தார். அதிலும் கொஞ்சத்தைத் திரும்பப் போட்டார். தட்டில் விழுந்ததைச் சாய்த்துப் பார்த்து, "இருநூறு கிராம் இருக்கும். போதும்" என்றார். சிஸ்டர் தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கரண்டியை வாங்கி, தலை தட்டாமல், இன்னும் ஒன்று நிறைய அள்ளி வைத்தார்.

"ஏட்டி, இருபத்தேழு!"

"தின்னுங்க. நான் இருக்கேன்."

இருபத்தேழாம் தேதி மெஷின் எண்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அந்த ஒரு கரண்டியைப் போடாமல் இருந்திருந்தால் இன்னும் நூறு கிராம் குறைந்திருக்கும் என்று தேவநேசன் சார் இன்றைக்கும் சொல்கிறார். தினமும் சாயங்காலம், தானாகப் படியிறங்கி வந்து, என் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொல்கிறார்.